ஒரு கிண்ணம் எள்ளு நூடுல்ஸ்

போன வருஷம் ஆனி மாதம். தேனியில் காற்றுக் காலம் ஆரம்பித்து, கடைப் பலகைகளெல்லாம் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். பெரியகுளம் சாலையில், ஒரு மாடியில் இருக்கிற மில்க் டீ கடையில் இது நடந்தது.

மில்க் டீ என்றதும் நம்ம ஊர் பால் டீ என்று நினைத்துவிடாதீர்கள். இது தைவான் நாட்டுப் பாணி. ஒரு சாண் உயரத்துக்கு கப். மேலே பிளாஸ்டிக் தாளை மெஷினில் ஒட்டி மூடித் தருவார்கள். சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு ஸ்ட்ரா. அதன் கூர் முனையால் ஓங்கி ஒரு குத்து, 'டப்'. கப்பின் அடியில் கறுப்பு கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். மரவள்ளி மாவில் உருட்டி, வேகவைத்து, வெல்லப்பாகில் ஊறப் போட்டது. டீயை உறிஞ்சும்போது அவையும் ஸ்ட்ராவில் ஏறி வந்து நாக்கில் விழும். மென்றுகொண்டே டீ குடிக்கலாம். முதல் தடவை குடித்துவிட்டு வந்து அம்மாவிடம் ஆசை ஆசையாகச் சொன்னேன்.

"ஏத்தா, ஜவ்வரிசிப் பாயாசத்துல டீத்தண்ணிய ஊத்தித் தாராகளா? அதுக்கு எதுக்கு மாடி ஏறிப் போகணும்?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

எனக்கு ஊர் தேவதானப்பட்டி. வயது முப்பத்தேழு. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சனிக்கிழமை மட்டும் ஒரு மணியோடு வேலை முடிந்துவிடும். முடிந்த கையோடு நேராக அந்தக் கடைக்குத்தான் போவேன். வாரத்தில் எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே சந்தோஷம் அது.

டீயும் சாப்பாடும் ஒரு காரணம்தான். இன்னொரு காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கடையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். எல்லா எழுத்துக்கும் இல்லை. 'க' என்னை ரொம்பப் படுத்தும். 'த'வும் அப்படித்தான். தொண்டையில் யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி அடைத்துக்கொள்ளும். தாடை இறுகும், கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் எங்கேயாவது திரும்பிக்கொள்வார்கள். இல்லையென்றால் என் வார்த்தையை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அதுவும் பாதி நேரம் தப்பாக இருக்கும். ஆனாலும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிடுவேன்.

திக்குகிறவர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. சிக்கும் வார்த்தை வருகிறது என்று தெரிந்தால், நாலு வார்த்தைக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பி வேறு வார்த்தைக்குப் போய்விடுவோம். எனக்குக் காபிதான் உயிர். ஆனால் டீக்கடையில் 'காபி' என்று சொல்ல முடியாமல் இருபது வருஷமாக டீ குடித்திருக்கிறேன். பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெயர் வராது. 'வத்தலக்குண்டு' என்று டிக்கெட் கேட்டுவிட்டு, வழியில் எங்கள் ஊரில் இறங்கிக்கொள்வேன். சொன்னால் சிரிப்பாக இருக்கும். நாள் பூராவும் இப்படிச் சந்து சந்தாக ஓடி வாழ்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

அந்த மில்க் டீ கடையில் மேஜைக்கு மேஜை ஒரு கட்டு சீட்டு வைத்திருப்பார்கள். எல்லாப் பண்டத்தின் பெயரும் அதில் அச்சடித்திருக்கும். வேண்டியதற்கு எதிரே பென்சிலால் டிக் அடிக்க வேண்டும். சர்க்கரை முழுசா, பாதியா, காலா, வேண்டவே வேண்டாமா? ஐஸ் நிறையவா, கொஞ்சமா? எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. அடித்துக் கொண்டுபோய்க் கவுண்டரில் நீட்டினால் முடிந்தது. அந்தச் சீட்டை முதல் நாள் கையில் எடுத்தபோது எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா? யாரோ தைவான்காரர் எனக்காகவே கண்டுபிடித்தது போல இருந்தது.

ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றாக டிக் அடித்து, ஆறேழு மாதத்தில் அந்தச் சீட்டில் இருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்துவிட்டேன். சேப்பங்கிழங்கு போட்ட ஊதா நிற டீ. பொடிப் பொடியாகப் பொரித்து மிளகு உப்பு தூவிய கோழி. கொத்துக்கறியை சோயா சாஸில் சுண்டவைத்து, சோற்றின் மேல் ஊற்றி, பழுப்பு நிறத்தில் ஊறின அவித்த முட்டை ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்துத் தரும் கறிச்சோறு. அதைச் சாப்பிட்டால் ராத்திரிக்குப் பசிக்காது. கனமான ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி வாட்டியது. அப்புறம், எள்ளு நூடுல்ஸ்.

எள்ளு நூடுல்ஸைச் சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எள்ளையும் தாண்டி ஏதோ ஒரு வாசனை. சீட்டின் பின்பக்கத்தில் 'இதில் வேர்க்கடலை சேருமா?' என்று எழுதி உள்ளே அனுப்பினேன். சமையல் செய்கிற அக்கா, உத்தமபாளையத்துக்காரர், கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீகளே! எள்ள மட்டும் அரைச்சா கசப்புத் தட்டுது. அதான் வறுத்த கடலைய ஒரு கை அள்ளிப் போட்டு அரைச்சிருக்கேன். நல்லாருக்குல்ல?"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

என் மேஜைக்கு அடுத்த மேஜையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அப்பா, அம்மா, எட்டு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. திருச்சியிலிருந்து மேகமலைக்குப் போகிற வழியில் சாப்பிட இறங்கியிருக்கிறார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. குழந்தைக்கு முன்பல் இரண்டும் இல்லை. என் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடியில இருக்கிறது திராட்சையா ஆண்ட்டி?"

இல்லை என்று தலையாட்டிச் சிரித்தேன். அதுவும் ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தது.

சீட்டை எடுத்துக்கொண்டு அதன் அம்மா கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. போன வாரம் நான் அங்கே பார்க்கவில்லை.

"இந்த எள்ளு நூடுல்ஸ்ல வேற என்ன போடுவீங்க? எள்ளு பரவாயில்ல. எங்க பாப்பாவுக்கு நிலக்கடலை மட்டும் ஆகவே ஆகாது. கொஞ்சம் நாக்குல பட்டாலே ஆஸ்பத்திரிதான்."

"கடலையெல்லாம் இல்லக்கா. வெறும் எள்ளுதான். பேரே எள்ளு நூடுல்ஸ்தானே" என்றது அந்தப் பெண், சிரித்த முகத்தோடு.

எனக்குள் திடுக்கென்றது. பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள் நான். ஒவ்வாமை என்றால் சும்மா அரிப்பும் தடிப்பும் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவிக்கிற ஓர் ஆளை எங்கள் வாசலிலேயே பார்த்திருக்கிறேன். இந்தக் குழந்தை இதைச் சாப்பிட்டுவிட்டு, சின்னமனூரைத் தாண்டி, அந்த மலைப்பாதையில் பாதி தூரம் ஏறின பிறகு மூச்சு முட்டினால்?

உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். 'சமையல் அக்காவுக்குத் தெரியுமே, சீட்டைப் பார்த்ததும் அவரே வந்து சொல்லிவிடுவார்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குழந்தைக்கு ஆகாது என்கிற விஷயமே உள்ளே போகவில்லை, வெறும் டிக் அடித்த சீட்டுதான் போயிருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு முன்னால் என் முகம் கோணிக்கொள்வதை நினைத்துத்தான் பயந்தேன். அப்படியே பத்து நிமிஷம் ஓடிவிட்டது.

எழுதிக் காட்டிவிடலாம் என்று அப்புறம்தான் உறைத்தது. என் மேஜையில் பென்சில் இல்லை, சீட்டோடு கவுண்டரிலேயே விட்டுவந்திருந்தேன். போய் எடுத்துவரலாம் என்று எழுந்தேன். அதே நேரம் அந்தக் கவுண்டர் பெண், ஆவி பறக்கும் கிண்ணத்தைக் கொண்டுவந்து குழந்தைக்கு முன்னால் வைத்தது. அதன் அம்மா முள்கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டு, "ஊதிச் சாப்பிடு" என்றார். குழந்தை ஒரு வாய் நூடுல்ஸைச் சுற்றி எடுத்து 'ஃபூ, ஃபூ' என்று ஊதியது.

பென்சிலுக்கெல்லாம் நேரம் இல்லை.

இரண்டே எட்டில் அவர்கள் மேஜைக்குப் போனேன். "க..." என்றேன். தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. "க... க... க்..." கண் மூடிக்கொண்டது. வேர்க்கடலை என்று மாற்றிச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் எந்த வார்த்தையும் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்பு. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், கரண்டி குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

கையை நீட்டிக் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். நூடுல்ஸ் மேஜையில் சிந்தியது. குழந்தை பயந்து கத்தியது.

"ஏங்க! என்ன பண்றீங்க? பாப்பா கையை விடுங்க!" அதன் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் கையை விடவில்லை. வாய் மட்டும் "க்... க்..." என்று திணறிக்கொண்டே இருந்தது. வியர்த்துக் கொட்டியது. என் வாழ்நாளில் எந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குப் பயந்து ஓடிக்கொண்டே இருந்தேனோ, அதன் நட்ட நடுவில் நின்றேன்.

அப்போது அந்த அம்மா, கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க. அவங்க என்னமோ சொல்ல வர்றாங்க."

என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. நான் கேக்குறேன்."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் வார்த்தையை ஊகிக்கவும் இல்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சில வினாடிகள்தான் இருக்கும். நான் மூச்சை ஒரு தடவை முழுக்க வெளியே விட்டேன். திரும்ப இழுத்தேன்.

"க... க... கடலை! இதுல கடலை இருக்கு!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சட்டென்று கரண்டியைப் பிடுங்கி, கிண்ணத்தை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டார்.

கவுண்டர் பெண் உள்ளே ஓடியது. மறு நிமிஷம் சமையல் அக்கா தலைதெறிக்க வெளியே வந்தார். "ஆத்தாடி! ஆமாங்க, கடலை அரைச்சுத்தான் போட்டிருக்கேன். பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே! சாப்பிட்ருச்சா? வாயில பட்ருச்சா?"

படவில்லை. அப்பா குழந்தையை வாஷ்பேசினுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அம்மா அதன் உதட்டையும் நாக்கையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவசரத்துக்குப் போடுகிற ஊசி கீழே காரில், பெட்டிக்கு அடியில் இருந்ததாம். அந்த அம்மாவே ஓடிப் போய் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரம் குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் ஆகவில்லை. அது பாட்டுக்கு ஸ்ட்ராவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"போன வருஷம் ஒரு பிஸ்கட். ஒரே ஒரு கடி. மூணு நாள் தீவிர சிகிச்சைல இருந்தா" என்றார் அந்த அம்மா. சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கவுண்டர் பெண் ஒரு ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தது. "தெரியாமச் சொல்லிட்டேன்க்கா, தெரியாமச் சொல்லிட்டேன்." நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன். "நீ தெ... தெரியாமச் சொன்ன. நான் தெ... தெரிஞ்சே பத்து நிமிஷம் சொ... சொல்லாம இருந்தேன்" என்றேன். அதைச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அந்த அம்மாவுக்கும் அது கேட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பாப்பாவுக்கு இது ஆகாதுன்னு நான் ஆரம்பிச்சாலே யாரும் முழுசாக் கேக்க மாட்டாங்க. 'ஒண்ணும் ஆகாதும்மா'ன்னு பாதியிலேயே வாயை அடைச்சிருவாங்க. அதனாலயே, யாராவது சொல்ல வந்தா நான் நின்னு கேட்டுருவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி" என்றார்.

அப்பாக்காரர் வந்து என் நாற்காலியையும் கப்பையும் அவரே தூக்கி அவர்கள் மேஜையில் வைத்தார். "மன்னிச்சிருங்க மேடம். கத்திட்டேன். நீங்களே சொல்லுங்க, பாப்பாவுக்கு எதை வாங்கலாம்?"

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் திருவிழா. அந்தச் சீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னேன். ஆறேழு மாதமாக ஒரு வார்த்தைகூடப் பேசாமல் சாப்பிட்டதையெல்லாம் ஒரே மூச்சில், இல்லை, முந்நூறு மூச்சில், சொல்லித் தீர்த்தேன். கறிச்சோறு எப்படி இருக்கும், முட்டை ஏன் பழுப்பாக இருக்கும், கோழியில் மிளகு தூக்கலாக இருக்கும் என்று திக்கித் திக்கிச் சொல்லச் சொல்ல, சமையல் அக்கா பக்கத்திலேயே நின்று, "அதுல கடலை கிடையாது, எண்ணெயும் வேற எண்ணெய்தான். இருந்தாலும் சட்டிய வெளக்கிட்டுப் புதுசாச் செய்றேன்" என்று ஒவ்வொன்றுக்கும் உறுதி சொன்னார். 'கறிச்சோறு' என்று சொல்ல எனக்கு நாலு தடவை ஆனது. நாலு தடவையும் அவர்கள் காத்திருந்தார்கள்.

கறிச்சோறு சூடு பறக்க வந்தது. குழந்தை முட்டையைத்தான் முதலில் காலி செய்தது. அப்புறம் மில்க் டீ. ஸ்ட்ராவை எப்படிக் குத்த வேண்டும் என்று செய்து காட்டினேன். மூன்று தடவை வழுக்கி, நாலாவது தடவை அது 'டப்'பென்று குத்தியதும், இரண்டு கையையும் தூக்கிக் கூவியது. உருண்டைகளை முன்பல் இல்லாத வாயால் ஒதுக்கி ஒதுக்கி மென்றபடி என்னைக் கேட்டது:

"ஏன் ஆண்ட்டி நிறுத்தி நிறுத்திப் பேசுறீங்க?"

அதன் அம்மா பதறிப்போய் அதட்டினார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன்.

"எனக்கு வா... வார்த்தை லேட்டாத்தான் வரும் பாப்பா."

அது கொஞ்சம் யோசித்தது. "எனக்கும் பல்லு லேட்டாத்தான் வரும்னு டாக்டர் சொன்னாங்க."

மேஜையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். என் பேச்சை வைத்து நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. சமையல் அக்கா எனக்குத் தனியாக ஒரு தட்டு பொரித்த கோழி கொண்டுவந்து வைத்து, "நீங்க பேசுவீகன்னே எனக்குத் தெரியாது. இம்புட்டு விஷயம் வச்சிருக்கீகளே!" என்றார். அன்றைக்கு இருந்த பசியில் அதையும் விடவில்லை.

அவர்கள் கார் சின்னமனூர்ப் பக்கம் கிளம்பியபோது மணி நாலு. குழந்தை ஜன்னலில் இருந்து கை காட்டியது. காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. எனக்கு அது தெரியவே இல்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் திக்கல் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் திக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை வேறொன்று நடந்தது. ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறியிருந்தது. அப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரி வார்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. பதினோரு வருஷமாக அந்தப் போனை எனக்காகப் பக்கத்து மேஜைப் பெண்தான் செய்வாள். அன்றைக்கு நானே எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் நர்ஸ், "ஹலோ, ஹலோ, லைன் சரியில்லையா?" என்றார்.

"லைன் சரியாத்தான் இருக்கு. எனக்குத் தி... திக்கும். வெச்சிராதீங்க, முக்கியமான விஷயம்" என்றேன். அவர் வைக்கவில்லை. பேரைச் சொன்னேன், அளவைச் சொன்னேன், அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துச் சரிபார்த்தேன். போனை வைத்தபோது பக்கத்து மேஜைப் பெண் எழுந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் போன்களெல்லாம் என் வேலை.

திருச்சியில் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தக் குழந்தைக்கு இந்நேரம் முன்பல் இரண்டும் முளைத்திருக்கும். அது நன்றாக இருப்பதில், திக்கித் திணறி என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், அடுத்து நான் பேச வேண்டிய வார்த்தையின் மேல் இருக்கிற பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது.